கல்மேடு கல்லறைத் தோட்டமும் ஆறு பத்து ஷிப்ட் பஸ்ஸும்

அக்டோபர் கடைசியில் இந்த வலைப்பூவை வாசிக்கும் ஒருவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். பதினொரு விநாடிதான். ஒரகடம் போகும் சாலையில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றின் வாசலில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. யாரும் ஏறவில்லை. கதவு மூடுகிறது, பஸ் போய்விடுகிறது. கீழே ஒரு குறிப்பு: "சனிக்கிழமைகளில் இங்கே வரலாறும் பேய்க் கதையுமாக ஒரு நடை நடத்துகிறார்கள். நீங்கள் போய்விட்டு வந்து எழுதினால் உபயோகமாக இருக்கும்."

அவர் மேல் தப்பில்லை. அந்த ஸ்டாப்பில் ஏறியவன் என் தம்பி அமல் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்து முந்நூறு மீட்டரில்தான் எங்கள் வீடு இருந்தது. அந்த ஸ்டாப்பில் ஏறுகிறவன் அவன் ஒருவன்தான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டு, நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு போனவன் ஒரகடம் நெருங்கும்போது லாரியில் அடிபட்டு இறந்தான். அதே கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். மறு மாதமே அம்மாவை அழைத்துக்கொண்டு பெருங்களத்தூருக்குக் குடி வந்துவிட்டேன்.

ஆகவே இந்தப் பயணத்துக்கு ஒரே காரணம். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அம்மா பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு அங்கே வருவாள். ஊரே கூடியிருக்கும். அவள் காதுபட எவராவது "பேய் பஸ் நிக்கிற எடம் இதுதான்" என்று சொல்லிவிட்டால் என்ன ஆவது? பெற்ற பிள்ளை பேயாகிவிட்டான் என்று ஒரு தாய் கேட்க வேண்டுமா? அதற்கு முன்பாக அந்த நடையை நடத்துகிற ஆளைப் பிடித்து, கதையை நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இந்த வலைப்பூவில் வாரம் தவறாமல் பதிவு வருவதைப் பார்த்து என்னைச் சுறுசுறுப்பானவள் என்று பலர் பாராட்டுகிறீர்கள். உண்மை என்னவென்றால், சனிக்கிழமை என்னால் வீட்டில் உட்கார முடியாது. ஏதாவது ஒரு ரயில், ஏதாவது ஒரு ஊர். அமல் போனதிலிருந்து இப்படித்தான். அம்மாவுக்கு மாலையில் அன்பியக் கூட்டம் இருக்கிறது, ஜெபம் முடித்து நாலு பேரோடு பேசிவிட்டு வருவாள், அதனால் எனக்கும் குற்ற உணர்ச்சி இருந்ததில்லை.

அன்று நான் செருப்பு மாட்டும்போது அம்மா வழக்கம்போல எந்தப் பக்கம் என்று கேட்டாள். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் என்று மட்டும் சொன்னேன். அம்மா ஒரு நொடி என்னையே பார்த்தாள்.

"கூட்டத்துக்குக் கெளம்பலையாம்மா?" என்றேன்.

"இன்னிக்கு இல்லடி. நீ போய்ட்டு வா," என்று உள்ளே போய்விட்டாள்.

பெருங்களத்தூரில் மதியம் 1.52 செங்கல்பட்டு வண்டி. டிக்கெட் பத்து ரூபாய். 2.25க்குச் சிங்கப்பெருமாள் கோவில். சனிக்கிழமை மதியம் பெட்டி காலியாகத்தான் இருக்கும், ஜன்னல் சீட்டு நிச்சயம். எனக்கு அது பிரயோஜனப்படவில்லை, வாசல் பக்கம் நின்றுகொண்டே வந்தேன். ஜெரோம் என்று பெயர் மட்டும் தெரிந்த அந்த வழிகாட்டியிடம் என்ன பேசுவது என்று பொத்தேரி வரை ஒருவிதமாகவும், அதற்கப்புறம் வேறுவிதமாகவும் ஒத்திகை பார்த்தேன். இரண்டிலும் நான் கத்தினேன்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ நிற்கும். கல்மேடு எட்டு கிலோமீட்டர், முப்பது ரூபாய். ஏழு பேர் சேராமல் வண்டி நகராது. என்னோடு ஏறிய ஆறு பேரும் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஏறியதும் தூங்கிவிட்டார்கள். எனக்கு டிரைவர் பக்கத்தில் இடம்.

"கல்மேடு ஸ்டாப்பிங்கா? அங்க கம்பெனி ஒண்ணும் இல்லியே," என்றார் டிரைவர்.

"கல்லறைத் தோட்டத்துக்குப் போறேன்."

"பேய் பாக்கவா? சனிக்கெயமன்னா அங்க சவாரி கீது. முன்னாடில்லாம் ஒருத்தரும் எறங்க மாட்டாங்க." கொஞ்ச தூரம் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பயமா கீதா?"

"பயமெல்லாம் இல்லை."

"பின்ன இன்னாத்துக்கு ஏறுனதுலேர்ந்து கால ஆட்டிகினே வர? பிரேக்கு என் பக்கம்தான் கீது."

காலை நிறுத்தினேன். அடுத்த வளைவுக்குள் அது தானாக மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.

3.05க்கெல்லாம் இறங்கிவிட்டேன். நடை தொடங்குவது நான்கு மணிக்கு. நீங்கள் போனால் இவ்வளவு சீக்கிரம் போகாதீர்கள், நிழலே கிடையாது. எதிரே ஒரு டீக்கடை, டீ பன்னிரண்டு ரூபாய். குடித்துவிட்டு எங்கள் பழைய வீட்டுப் பக்கம் போனேன். இப்போது அது கம்பெனிப் பையன்கள் தங்கும் இடம். மொட்டை மாடிக் கொடியில் ஒரே நிறத்தில் இருபது சட்டை காய்ந்தது. அமல் போட்டிருந்த அதே சாம்பல் நிறச் சட்டை. திரும்பி வந்துவிட்டேன். கல்லறைக்குள் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம், நேரம் இருந்தது. தனியாக உள்ளே போகக் கால் வரவில்லை. அடக்கத்துக்குப் பிறகு நான் அங்கே போனது மூன்றே தடவை. மூன்றும் கல்லறைத் திருநாள் அன்று, கும்பலோடு கும்பலாக.

நான்கு மணிக்கு ஒன்பது பேர் சேர்ந்திருந்தோம். தலைக்கு இருநூறு ரூபாய். ஜெரோமுக்கு முப்பது வயது இருக்கும். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலை, சனிக்கிழமை வார விடுமுறை. பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கித்தான் நடத்துகிறார், வசூலில் பாதி புல் வெட்டுவதற்குப் போகிறது. நான் மனதில் வரைந்து வைத்திருந்த வில்லன் முகம் அவருக்கு இல்லை, அது வேறு எரிச்சல்.

"கல்லு மேல உக்காராதீங்க, சாயாதீங்க. போன் பாக்கெட்ல இருக்கட்டும். பேய் வந்தா நானே சொல்றேன்," என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

பழைய பகுதி கிழக்கு மூலையில் இருக்கிறது. செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசிய மேடைகள், பாதி இடிந்தவை. வெள்ளைக்காரர்களின் பெயர் வெட்டிய பலகைக் கற்கள், கூடவே ஊர்க்காரர்களின் கற்கள். எழுத்தெல்லாம் மழையில் தேய்ந்து, கையால் தடவினாலும் பிடிபடாது. ஜெரோம் பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்தார். ஒருவரைக் குடை விரித்து வெயிலை மறைக்கச் சொன்னார். கல்லின் விளிம்பில் கன்னம் ஒட்டுகிற மாதிரி குனிந்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். ஒன்றுமே இல்லாத கல்லில் வரிவரியாக எழுத்து எழுந்து நின்றது. ஒரு தாயின் பெயர், அதற்குக் கீழே அவளுடைய மூன்று குழந்தைகளின் பெயர்கள். மூன்றாவது குழந்தை ஒன்பது நாள் இருந்திருக்கிறது.

"எங்க லைன்ல கார் டோர்ல பிசிறு கீதான்னு இப்டிதான் பாப்போம். நேரா லைட் அடிச்சா ஒண்ணும் தெரியாது. சாச்சு அடிக்கணும்," என்றார்.

இந்த ஒரு காரியத்துக்காகவே இருநூறு ரூபாய் கொடுக்கலாம். கோபமாக வந்தவள் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது நில அளவைக்காரர் ஒருவரின் கல்லறை. நாட்டை அளக்க வந்தவர் காய்ச்சலில் செத்துவிட்டாராம். அமாவாசையில் அவர் நிலம் அளந்த இரும்புச் சங்கிலி தரையில் இழுபடும் சத்தம் கேட்கும் என்று ஊரில் பேச்சு. சங்கிலி, முளைக்குச்சி, குத்துக்கல் என்று ஜெரோம் நன்றாகவே சொன்னார். கடைசியில், "இப்ப இங்க டெய்லி எவனாச்சும் நெலம் அளந்துகினுதான் கீறான். அவரு வந்தாலும் புரோக்கர்னு நெனச்சு சென்ட் இன்னா வெலன்னு கேப்பாங்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 4.50.

இப்படியே கிணறு, இரும்புச் சிலுவை, ஒரு பாதிரியாரும் அவர் வளர்த்த நாயும் என்று ஐந்தரை வரை போனது. நடுவில் இரண்டு முறை நான் கும்பலை விட்டு முன்னால் போய்விட்டேன். "மேடம், பேய் அந்தப் பக்கம் இல்ல," என்று ஜெரோம் கூப்பிட்டார்.

அப்புறம் மேற்குப் பக்கம் புதிய கல்லறைகள். எல்லாம் கிரானைட், பலவற்றில் மீசை அரும்பிய முகங்களின் போட்டோ. ஜெரோம் எங்கும் நிற்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "இங்க கதை கெடையாது. சொந்தக்காரங்க வர எடம். நடந்துகினே இருங்க," என்றார். நான்காவது வரிசையில் அமல் இருந்தான். அவன் மேல் யாரோ செண்டுமல்லி போட்டிருந்தார்கள். முழுதாகக் காயக்கூட இல்லை, போன வாரத்துப் பூவாக இருக்கும். கூட வேலை பார்த்த பையன்கள் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே மற்றவர்களோடு நானும் கடந்து போனேன். என் தம்பியை ஒரு டூரிஸ்டைப் போல நான் கடந்து போனேன்.

5.55க்கு வாசலுக்கு வந்தோம். இனிதான் அந்தக் கதை.

"இதுல பேர் சொல்ல மாட்டேன்," என்று ஆரம்பித்தார் ஜெரோம். "ஏழு மணி ஷிப்ட்டுக்கு ஆறு பத்து பஸ்ஸு. இந்த ஸ்டாப்புல ஒரே ஒரு ஆள். எப்பவும் லேட்டு. தெனம் சட்டை பட்டன் போட்டுகினே ஓடி வருவான், பஸ் அவனுக்காக ரெண்டு நிமிஷம் நிக்கும். கல்யாணம் நிச்சயமாயிருந்துச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. ஒருநாள் பஸ்ஸு நிக்கல."

பட்டன் வரைக்கும் சரி. கல்யாணம் எங்கிருந்து வந்தது? அம்மா அப்போதுதான் பெண் பார்க்கலாமா என்று பேச்சையே எடுத்திருந்தாள். ஒரு வரனும் வரவில்லை, போட்டோவும் இல்லை, யார் வீட்டு வாசலையும் நாங்கள் மிதிக்கவில்லை. செத்தவனுக்கு மாப்பிள்ளை வேஷம் போட்டு விற்கிறானே என்று வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் பஸ் வந்துவிட்டது. 6.10, ஒரு நிமிடம் கூட முன்பின் இல்லை. வாசலுக்கு நேராக நின்று கதவைத் திறந்தது. எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் நேராகப் போய்ப் படியில் கை வைத்தேன்.

டிரைவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். "இது கம்பெனி வண்டிம்மா. ஐடி கார்டு கீதா?" என்றார்.

"இங்க யாரு ஏறுறாங்கன்னு நிறுத்துறீங்க?"

"இப்ப யாரும் இல்ல." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு தபா ஒரு நிமிஷம் முன்னாடி எடுத்துட்டேன். அதுக்கப்புறம் எடுக்கறதில்ல. கைய எடும்மா, டைம் ஆவுது."

கையை எடுத்தேன். உள்ளே முப்பது பேராவது இருந்தார்கள். யாரும் போகலாம் என்று சொல்லவில்லை, யாரும் என்னை வேடிக்கை பார்க்கவும் இல்லை. கதவு மூடியது. அவன் பஸ்ஸைத் தவறவிட்டான் என்றுதான் நான்கு வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அன்று அவன் நேரத்துக்குத்தான் வந்திருக்கிறான் போலிருக்கிறது. டிரைவர் மேல் எனக்கு வர வேண்டிய கோபம் வரவில்லை.

கும்பல் கலைந்ததும் ஜெரோமை நிறுத்தினேன். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. "நான் அவனோட அக்கா," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப ஊர் ஊரா போயி எழுதுற அக்கா நீங்கதானா?" என்றார்.

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"அம்மா சொல்லுவாங்க."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவர் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்றரை வருடமாக அம்மா வருகிறாளாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, சில மாதம் மூன்று. முதலில் போய் அமலுக்குப் பூ வைப்பாளாம். பிறகு கூட்டத்தோடு முழுக்க நடப்பாளாம். வாசலில் கதை சொல்லும்போது மட்டும் முன்வரிசைக்கு வந்து நிற்பாளாம். கதை முடிந்ததும் ஷேர் ஆட்டோ ஏறிவிடுவாளாம்.

"நீங்க எந்தப் பக்கம் போறீங்கன்னு கேட்டுக்கினுதான் கெளம்புவாங்களாம். இந்தப் பக்கம்னா வர மாட்டாங்க," என்றார். "மொதல்ல நான் பஸ்ஸு நிக்கறத மட்டும்தான் சொல்லிகினு இருந்தேன். கம்பெனி ரோல்ல ஆளோட பேர எடுத்துட்டாங்க, பஸ் காண்ட்ராக்ட் லிஸ்ட்ல ஸ்டாப்ப எடுக்க மறந்துட்டாங்க. டிரைவரும் எடுக்கச் சொல்லல. அவ்ளோதான் கத. ஒருநாள் அம்மா தனியா கூப்ட்டு, நான் யாருன்னு சொன்னாங்க. நான் கால்ல விழப் போய்ட்டேன், நிறுத்திடறேம்மான்னேன். நிறுத்தாதப்பா, கூட ரெண்டு வார்த்த சேத்துக்கோன்னாங்க. சட்டை பட்டன், கல்யாணம் நிச்சயம், எல்லாம் அவங்க குடுத்ததுதான். நெசமா பொய்யான்னு நான் கேக்கல."

"ஏன் இங்க வரணும்? வீட்ல..." என்று ஆரம்பித்தேன்.

"வூட்ல அவன் பேரே எடுக்கக் கூடாதாமே அக்கா. இங்க வந்தாதான் யாராச்சும் அவனப் பத்திப் பேசறாங்கன்னு சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினார். "நிறுத்தணும்னா சொல்லுங்க. இன்னியோட நிறுத்திடறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வீடு மாற்றியது நான். அவன் போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிப் பீரோவுக்குள் வைத்தது நான். அம்மா அவன் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அடுக்களையில் எதையாவது உருட்டிப் பேச்சை மாற்றியது நான். அவளால் தாங்க முடியாது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். தாங்க முடியாமல் ரயில் ஏறிக்கொண்டிருந்தவள் நான்தான். ஜெரோமிடம் நிறுத்துங்கள் என்றும் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினேன். சிங்கப்பெருமாள் கோவிலில் 7.20 வண்டி, வீட்டுக்கு வர எட்டே கால். ஊர் எப்படி என்று அம்மா கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். கல்லறைத் திருநாள் அன்று இருவருமாகப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம், அன்றும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு. பெருங்களத்தூரிலிருந்து போக வர எண்பது ரூபாய், நடைக்கு இருநூறு, டீயையும் சேர்த்து முந்நூறுக்குள் முடிந்துவிடும். மூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், நெருஞ்சி அதிகம். தண்ணீர் கொண்டுபோங்கள், கிணறு பார்க்க மட்டும்தான். கழிப்பறை கிடையாது, ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக்குக் கீழே குழந்தைகளை அழைத்துப் போனால் நடுவில் தூக்கச் சொல்வார்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம். 6.10 பஸ்ஸை வீடியோ எடுக்காதீர்கள், உள்ளே இருப்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். இந்தப் பதிவில் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அம்மா இதைப் படிக்க மாட்டாள். வாசலில் கதை நடக்கும்போது முன்வரிசையில் ஒரு பெண்மணி நின்றால், எதையும் படித்துவிட்டு வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கதையை மட்டும் கேளுங்கள்.

கல்லறைத் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை நான் எந்த ஊருக்கும் கிளம்பவில்லை. மதியம் ஒரு மணிக்கு அம்மாவிடம், "கல்மேட்டுக்குப் போலாமா? நானும் வரேன்," என்றேன். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

அன்று பன்னிரண்டு பேர். ஜெரோம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வாசலில் கொஞ்சம் தடுமாறினார், பிறகு கதையை எப்போதும் போலச் சொன்னார். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது என்று அவர் சொன்னதும், கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, "நிஜமாவேவா, இல்ல கதைக்காகச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நிஜம்தான்," என்றேன் நான். "எனக்குத் தெரியும். பொண்ணுக்கு ஊர் மணிமங்கலம்."

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பெண்ணிடம்தான் சொன்னாள்.

"பொடவகூட எடுத்தாச்சும்மா. அரக்குக் கலர்ல. இவதான் போய் எடுத்தா."